மகன் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் இருக்கும்போது

சந்திப்புக்கு முன்பதிவு வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், கைப்பேசி உள்ளே வராது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை, நடுவே ரிசீவர். "ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்று தொடங்கினால் தலை குனிந்துவிடுவான், கிடைத்த நிமிடங்கள் அதிலேயே கரையும். "தூக்கம் வருதாப்பா?" என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு தண்டனை முடிந்ததும் விடுவார்கள். ஆனால் 2014 முதல் மீதிக் காலத்துக்கு நிபந்தனை உண்டு: அதற்குள் மறுபடி குற்றம் செய்து சிறைக்குப் போனால், புதுத் தண்டனையோடு பழைய மிச்சமும் சேரலாம். பெற்றோர் பலர் இதைக் கவனிப்பதில்லை. பழைய சேர்க்கை தேடி வருவதும் அந்த மாதங்களில்தான். கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். பஸ், ரயில் பயணத்துக்கான ஈசிலிங்க் அட்டையில் பணம் ஏற்றிக் கொடுங்கள், சாப்பாட்டை வீட்டில் போடுங்கள்.