கிரவுன் பினியனை நானே மாற்றலாமா?

மூன்று வாரமாக லாரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். இங்கே சிங்கப்பூரில் விடியற்காலை பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு அயர் ராஜா விரைவுச்சாலையில் ஏறி, முள் 50-ஐத் தொட்டதும் 'ஊம்ம்ம்' என்று ஆரம்பிக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கிவிடும், மிதித்தால் திரும்ப வரும். தேக்காவில் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது அவ்வளவாகக் கேட்காது.

முதலில் டயர் என்றுதான் நினைத்தேன். ஆனால் டயர் சத்தம் சாலைக்கு ஏற்ப மாறும், நாம் மிதிப்பதற்கு ஏற்ப மாறாது. வீல் பேரிங் என்றால் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகத் திருப்பும்போது கூடிக் குறையும், அதுவும் இல்லை. இன்ஜின் பக்கத்துச் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (மூட்டு) போயிருந்தால் வண்டி நகரும்போது 'டக்' என்று ஒரு அடி விழும். அடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், கிராஸ் இறுக்கமாகத்தான் இருந்தது. வளைவில் திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால் டிஃபரன்ஷியலுக்கு (பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் கியர் தொகுதிக்கு) உள்ளே, இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் ஸ்பைடர் கியரைச் சந்தேகிக்கலாம். நேராகப் போகும்போது, இன்ஜின் இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் அதே டிஃபரன்ஷியலில் கிரவுனும் பினியனும் கடிக்கும் இடத்தில்தான் கோளாறு. புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழற்றும் சின்ன கியர் பினியன், பினியன் சுழற்றும் பெரிய வட்டக் கியர் கிரவுன்.

அடுத்து டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்துப் பார்த்தேன். வடிகால் பிளக்கின் நுனியில் ஒரு மேக்னெட் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், ஓடுகிற கியரில் அது வரும். எனக்கு அந்த மாவுக்குள் நெல் உமி அளவில் இரண்டு தகடுகள் கிடைத்தன. விரலில் வைத்து வெளிச்சத்தில் திருப்பினேன். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. பல்லின் மேல்தோல் உரிந்திருக்கிறது. இதற்கு மேல் ஆயில் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், இன்றைக்கும் வயிறு எரிகிறது. போன வருடம் பினியன் ஆயில் சீல் கசிந்தது என்று ஒரு பட்டறையில் விட்டேன். சீலை மாற்ற பினியன் நட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றினார்கள், புது சீல் போட்டார்கள், அப்புறம் இம்பாக்ட் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று முறுக்கிவிட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நட்டு வெறும் நட்டு இல்லை. எங்கள் வண்டியில் பினியனின் இரண்டு பேரிங்குக்கும் நடுவே நசுங்கிக் கொடுக்கும் ஒரு குழாய் இருக்கிறது. நட்டை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு அது நசுங்கும், பேரிங்கின் இறுக்கம் அதைப் பொறுத்தது. அளவு தாண்டி முறுக்கினால் பேரிங் சூடாகித் தேயும், தேய்ந்த பிறகு பினியன் ஆடும், பினியன் ஆடினால் பல் கடிக்கும் இடம் நகர்ந்துவிடும். ஒரு நிமிட வேலைக்கு ஒரு வருடம் கழித்து வந்த பில் இது.

அதனால்தான் இந்த முறை நானே செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது. ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவன் இல்லை நான். கிளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறேன், பிரேக் எல்லாம் நானேதான். துவாஸில் டெக்னீஷியனாக இருக்கும் என் மச்சினன் வேறு, "அத்தான், ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரே ஞாயித்துக்கிழமைல முடிச்சிடலாம்" என்று உசுப்பிவிட்டான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. கழற்றுவது சுலபம். இந்த ரக லாரிகளில் வண்டியின் எடையைப் பின் ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங்தான் சுமக்கிறது, ஆக்ஸில் ஷாஃப்ட் சுழற்றுவதற்கு மட்டும்தான். அதனால் சக்கரத்தைக்கூடக் கழற்ற வேண்டாம். ஹப்பின் நடுவில் இருக்கும் போல்ட்டுகளை எடுத்துவிட்டு ஷாஃப்டை வெளியே உருவலாம். இரண்டு பக்கமும் உருவிவிட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்து (பிரிக்கும் முன் இரண்டு விளிம்பிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும்), ஹவுசிங்கைச் சுற்றியுள்ள நட்டுகளை எடுத்தால் மொத்த டிஃபரன்ஷியலும் ஒரே உருண்டையாக முன்பக்கம் வந்துவிடும். ஜாக் வைத்துத் தாங்கித்தான் இறக்க வேண்டும், வெறுங்கையால் இறக்கப் போனால் விரல் போய்விடும்.

ஆனால் எங்கே வைத்துக் கழற்றுவது? எங்கள் புளோக்குக்குக் கீழே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் வண்டி பழுதுபார்க்க அனுமதியில்லை. அனுமதி இருந்தாலும் நான் செய்ய மாட்டேன். லிட்டர் கணக்கில் கந்தக நாற்றத்தோடு கியர் ஆயில் வரும், கொஞ்சம் சிந்தினாலும் அடுத்த மழையில் கால்வாய்க்குத்தான் போகும். இந்த நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. கால்வாயில் விட்டது நாம் குடிக்கிற தண்ணீருக்குத்தான் வந்து சேரும்.

இடம்கூட எப்படியாவது கிடைத்துவிடும். என்னை நிறுத்தியது செட்டிங். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டு வரும் கியர்கள். ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. என் வண்டியில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 7. இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொது வகுஎண் இல்லாததால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பல்லையும் முறை வைத்துச் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும். அந்த ஜோடியை ஹவுசிங்கில் உட்கார வைக்கும்போது பினியன் எவ்வளவு உள்ளே போக வேண்டும், பேரிங் எவ்வளவு இறுக வேண்டும், பல்லுக்குப் பல் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று எல்லாமே அளவுதான். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினால் அதே ஊளை, இன்னும் சீக்கிரமாக.

இந்த இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் வாங்கிவிடலாம், பெரிய விலை இல்லை. பேரிங்கைப் பிடுங்கவும் ஏற்றவும் பிரெஸ் வேண்டும், அது என்னிடம் இல்லை. பல்லில் விழுந்த தடத்தைப் பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று சொல்ல முன்பு பார்த்துப் பழகிய கண் வேண்டும், அதுவும் என்னிடம் இல்லை. அளக்காமல் முறுக்கியவர்கள் மேல் இவ்வளவு கோபப்பட்டுவிட்டு, நானும் குத்துமதிப்பாக முறுக்கினால் என்ன நியாயம்?

இடையில் இன்னொரு வழியும் பார்த்தேன். ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்-கட் (பாதியாக வெட்டி அனுப்பும் பழைய) வண்டிகளிலிருந்து முழு டிஃபரன்ஷியலாகவே கிடைக்கும், அதை அப்படியே தூக்கி மாட்டினால் செட்டிங் வேலையே கிடையாது. அவசரத்துக்கு நல்ல வழிதான், குறை சொல்ல மாட்டேன். இரண்டு பார்த்தேன். ஒன்றில் பல்லெல்லாம் துரு. இன்னொன்று சுத்தமாக இருந்தது, பினியனை அசைத்துப் பார்த்தால் ஆட்டம் இல்லை. ஆனால் பினியனைக் கையால் சுற்றி எண்ணினேன். கிரவுன் ஒரு முழுச் சுற்று வருவதற்குப் பினியன் ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போக வேண்டும், இதில் ஐந்தரையிலேயே வந்துவிட்டது. பல்லை எண்ணினால் 39-க்கு 7. அதாவது 6.14-க்குப் பதில் 5.57.

"அது ஓடும், வேகம்கூட நல்லா வரும்" என்றார் கடைக்காரர். வேகம் வரும் என்பதுதானே பிரச்சினை! எங்கள் வண்டியில் ஸ்பீடோமீட்டருக்குக் கணக்கு போவது கியர்பாக்ஸிலிருந்து. பின்னால் பல் மாறியது அதற்குத் தெரியாது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போய்க்கொண்டிருக்கும், இந்த எடை லாரிக்குச் சட்டப்படி 60-தான். சரக்கோடு மேடு ஏறும்போது இழுவையும் குறையும். பழைய டிஃபரன்ஷியல் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் தயவுசெய்து சுற்றி எண்ணிப் பாருங்கள்.

கடைசியில் காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் போய் ஒளிக்காமல் பேசினேன். கழற்றுவதும் மாட்டுவதும் நான், பெஞ்சில் செட்டிங் நீங்கள், அதற்கு உங்கள் கூலி என்னவோ கொடுத்துவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் கொண்டா. ஆனா பேரிங் எல்லாம் புதுசு, கிரவுன் போல்ட்டும் புதுசு. பழசைப் போட்டுக் குடுன்னா நான் தொடமாட்டேன்" என்றார். ஏழு வயது வண்டி, சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. புதுசே போடுங்கள் என்றேன்.

அவர் வேலை செய்ததைப் பார்த்த பிறகுதான் நான் எடுத்த முடிவு எவ்வளவு சரி என்று புரிந்தது. பிரிக்கும் முன்பே பேரிங் மூடி இரண்டிலும் இடது வலது தெரிய பஞ்ச் வைத்துப் புள்ளி குத்தினார். புதுப் பினியனை ஏற்றி நட்டைக் கொஞ்சம் முறுக்குவார், பினியன் முனையில் இருக்கும் பிளான்ஜில் (வட்ட விளிம்பில்) நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசை மாட்டி இழுப்பார், முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார், மறுபடி கொஞ்சம் முறுக்குவார். "தாண்டிட்டா திரும்ப லூசாக்க முடியாது, குழாயைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடணும்" என்றார். அந்த நட்டுக்கு மட்டும் இருபது நிமிடம். என் வண்டிக்கு இதே நட்டை ஒரு நொடியில் முறுக்கியதை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கிரவுன் பல்லில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றினார். பல் கடித்த இடத்தில் மட்டும் பசை விலகி இரும்பு தெரிந்தது, பல்லின் உச்சியை ஒட்டி ஒரு மெல்லிய கீற்றாக. பினியன் இன்னும் கிட்டே வர வேண்டுமாம். திரும்பப் பிரித்து, பிரெஸ்ஸில் பேரிங்கைப் பிடுங்கி, ஷிம்மை (பினியனின் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையத்தை) மாற்றி, திரும்ப ஏற்றி, திரும்பப் பசை. மூன்றாவது முறைதான் தடம் பல்லின் நடுவில் அழகாக உட்கார்ந்தது. டயல் கேஜை கிரவுனின் நாலு இடத்தில் வைத்து இடைவெளி பார்த்தார், நாலிலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. மணி பத்தரை. இதை நானும் மச்சினனும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்திருப்போமா? பிரெஸ் கிடைத்திருந்தாலும் முதல் தடத்தைப் பார்த்தே நல்லாத்தானே இருக்கிறது என்று மூடியிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மாட்டினோம். ஹவுசிங்கை உள்ளே துணி போட்டு இரண்டு முறை துடைத்தேன், பழைய தகடு ஒன்று மிச்சம் இருந்தால் போதும், புது பேரிங்கைத் தின்றுவிடும். மேலே இருக்கும் காற்றுத்துளை அடைத்திருந்தது, அதையும் குத்திச் சுத்தம் செய்தேன். அது அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீல் வழியாகத்தான் வெளியே வரும், முதலில் சீல் கசிந்ததே அதனால்தானோ என்னவோ. புது ஆயில் 80டபிள்யூ-90, ஜிஎல்-5.

முதல் வாரம் பாதி சரக்குதான் ஏற்ற வேண்டும், சூடேறினால் நிறுத்தி ஆறவிட வேண்டும், 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்ற வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பாதி சரக்கு என்றால் இரண்டு நடை, தூக்கம் கெடுகிறது, பரவாயில்லை. திங்கட்கிழமை விடியற்காலை விரைவுச்சாலையில் ரேடியோவை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கிக் கேட்டேன். 40, 50, 60. காற்றும் டயரும் மட்டும். தேக்கா வருவதற்குள் ஒலி 96.8-ஐத் திரும்பப் போட்டுவிட்டேன்.

இன்றைக்கு 610 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. வடிகால் பிளக்குக்குப் புது வாஷர் வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.