சின்னத்திரைப் படங்கள்: கோலாலம்பூர் நாட்குறிப்பு

8 ஜூலை 2022, வெள்ளி

ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் கான் மறைந்துவிட்டார். அஞ்சலிகள் எல்லாம் 'காட்ஃபாதர்' படத்தில் அவர் ஏற்ற சன்னி வேடத்தையே சுற்றுகின்றன. அதற்கு முந்தைய ஆண்டே, 1971 நவம்பர் 30இல் அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசை ஒளிபரப்பிய 'பிரையன்ஸ் சாங்' தொலைக்காட்சிப் படத்தில், 26 வயதில் புற்றுநோய்க்குப் பலியான அமெரிக்கக் கால்பந்து வீரர் பிரையன் பிக்கலோவாக அவர் வாழ்ந்திருந்தார். விமர்சனம் அங்கிருந்து தொடங்கட்டும்.

முதலில் ஓட்ட நேரத்தைப் பாருங்கள். ஒன்றரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போகப் படம் சுமார் 73 நிமிடம். கையில் உள்ள பிரதி 70 நிமிடம் காட்டினால் காட்சி வெட்டுப்பட்டதாக முடிவுகட்ட வேண்டாம். நம் ஊரில் முன்பு இருந்த பால் (PAL) தொலைக்காட்சி முறைக்கு மாற்றும்போது நொடிக்கு 24 பிரேம் 25 ஆகிறது; படம் 4 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. கூடவே சுருதியும் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். கானின் கரகரத்த குரல், மிஷெல் லெக்ராண்டின் இசை இரண்டுமே கெடும். கணினியில் படம் ஓட்டும் விஎல்சி (VLC) மென்பொருளில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். சுருதியைக் காக்கும் தெரிவையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் வேகம் மட்டும் குறையும், குரல் கீச்சென்றே நிற்கும்.

10 ஜூலை 2022, ஞாயிறு

'பிரையன்ஸ் சாங்' படத்தில் திரை இருண்டு மீளும் ஒவ்வோர் இடத்தையும் நிமிடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். விளம்பர இடைவேளைகள் அவை. பார்ப்பவர் அலைவரிசை மாற்றிவிடாதபடி எழுத்தாளர் அதற்கு முந்தைய காட்சியை இறுக்கியிருப்பார். இதைக் கவனிக்காமல் 'கதை விட்டுவிட்டு நகர்கிறது' என்று எழுதுவது அநியாயம். நடுவே வரும் உண்மையான ஆட்டப் பதிவுகளில் படத்தரம் மாறுவதும் குறையாகாது.

16 பிப்ரவரி 2023, வியாழன்

ஹாலிவுட் நடிகை ரேக்கல் வெல்ச்சும் மறைந்துவிட்டார். அழகி என்ற ஒற்றைச் சொல்லோடு அவரை அனுப்பிவைக்கிறார்கள். 'ரைட் டு டை' (1987) தொலைக்காட்சிப் படத்தில் நரம்பு நோயால் உடல் முடங்கிப்போகும் பெண்ணாக நடித்து கோல்டன் குளோப் பரிந்துரை பெற்றவர் அவர்.

இத்தகைய படங்களுக்குப் பழைய வீடியோ கேசட்தான் கதி என்றால், கேசட்டின் கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சணம். கோலாலம்பூர் ஈரப்பதத்தில் சாதாரணம். அப்படியே ஓட்டினால் கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் உலரவைத்து, நாடாவைத் துடைத்த பிறகே, அதற்கென ஒதுக்கிய கருவியில் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் அந்நாட்டுத் தொலைக்காட்சியின் என்டிஎஸ்சி (NTSC) முறை. பால் மட்டும் ஓட்டும் கருவியில் படம் உருளும், நிறம் வராது.

24 பிப்ரவரி 2023, வெள்ளி

'டூயல்' தொலைக்காட்சிப் படத்தின் நாயகன் டென்னிஸ் வீவர் 2006இல் மறைந்த நாள். ஸ்பீல்பெர்க்கின் 'டூயல்' 1971 நவம்பர் 13இல் ஒளிபரப்பானபோது 74 நிமிடம். பிறகு வெளிநாட்டுத் திரையரங்குகளுக்காக 90 நிமிடமாக நீட்டினார்கள்: வீட்டிலிருந்து கார் கிளம்பும் தொடக்கம், மனைவியுடன் தொலைபேசிப் பேச்சு, பள்ளிப் பேருந்து, ரயில் கடவை. அந்தத் தொலைபேசிக் காட்சி தேவையே இல்லை. நாயகன் கோழை என்று மனைவி வாயால் கேட்க வேண்டுமா? ஸ்டீயரிங்கைப் பற்றியிருக்கும் வீவரின் கைகளே சொல்லிவிடுகின்றன.

அகலத்திரைப் பிரதிகளிலும் கவனம் வேண்டும். பழைய தொலைக்காட்சியின் 4:3 அகல-உயர விகிதச் சட்டத்தை அகலத்திரையின் 16:9 ஆக வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். நெற்றியும் தாடையும் அறுபட்ட அண்மைக் காட்சிகளை வைத்து வீவர் நடிப்பை எடைபோடாதீர்கள். 4:3 பிரதியைத் தேடி எடுத்த பிறகு எழுதுங்கள்.