தொண்டை கட்டவில்லை

ஊசி போட ஆரம்பித்தது 2022 ஜூனில். மூன்று வாரத்துக்கு ஒரு முறை டெஸ்டோஸ்டிரோன், அதாவது ஆண் ஹார்மோன். ஊரில் யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு உரையே தயார் செய்து வைத்திருந்தேன். "நான் திருநம்பி, பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள், ஆனால் நான் ஆண்" என்று தொடங்கி, திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்த 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போகும். இன்றுவரை அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் குரல் உடைந்தது. எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு உடைவது போலத்தான், பேசப் பேச மேலே ஏறிச் சட்டென்று கீழே விழும். பக்கத்து வீட்டு அக்கா, "தொண்டை கட்டிருச்சா?" என்று ஆடாதொடைக் கசாயம் கொண்டுவந்தார். "ஆமாக்கா" என்று குடித்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். சளி என்ற பொய் ஒரு வாரம் தாங்கும், இரண்டு மாதம் தாங்குமா? எக்ஸ்ரே எடு, டிபியாக இருக்கப்போகுது என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. கடைசியில் சொன்னேன்: "நோய் இல்லக்கா. டாக்டர் குடுத்த மருந்துதான். இனிமே குரல் இப்படித்தான் இருக்கும்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவர், "அப்ப கசாயம் வேணாமா?" என்றார்.

அத்தை மோவாயைப் பார்த்துவிட்டுக் கஸ்தூரி மஞ்சள் பொட்டலம் அனுப்பினார், பூசிக் குளித்தால் முடி உதிர்ந்துவிடுமாம். நானோ தினமும் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு முடியாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் கசாயக் கதை நடக்கவிடவில்லை. மாற்றம் வெளியே தெரிவதற்கு முன்பே மேலாளரிடம் பேசினேன். குரலும் முகமும் மாறும், வேலை மாறாது, இனி இந்தப் பேர் என்று அவரே குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். அதுவரை வணக்கம்கூடச் சொல்லாத ஒருவர் மட்டும் டீ குடிக்கும்போது வந்து, "ஆபரேஷன் ஆச்சா?" என்றார். "அதை டாக்டர்கிட்ட மட்டும்தான் பேசுவேன் சார்" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டேன். கழிப்பறைதான் பெரும்பாடு. பெண்கள் பக்கம் போனால் அலறுவார்கள், ஆண்கள் பக்கம் போக எனக்குப் பயம். தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றை வரவழைத்துக்கொண்டேன். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. சட்டை போட்டு, முடி வெட்டியிருந்தாலும் முகத்தைப் பார்த்துக் கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழித்து நீட்டுவார். குரல் உடைந்த பிறகு, வாயைத் திறந்தால் காசு, மூடியிருந்தால் இலவசம். மதுரை பெரியார் பஸ் நிலையத்துக்குப் போகும் வண்டியில் முதல்முறையாக, "காசு எடுப்பா, சில்லறையா குடு" என்று ஒருவர் எரிந்து விழுந்தார். அந்த டிக்கெட் இன்னும் பர்ஸில் இருக்கிறது.

ஆவணங்களில் அப்போது பழைய பெயர்தான். வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "கணக்கு வச்சிருக்கிற மேடம்கிட்ட குடுங்க சார்" என்றார்கள். நான்தான் அது என்று எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா போனைப் பிடுங்கி, என் பழைய பெயரைச் சொல்லி, பிறந்த தேதியும் சொல்லி, "ஆமாங்க, நான்தான் பேசுறேன்" என்றார். வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எத்தன நாளைக்குத்தான் உனக்காக நான் பேசுறது? சீக்கிரம் கெஜட்ல பேர மாத்துடா" என்றார்.