ஏர்கோன் மண்டபத்தில் மிருதங்கச் சுருதி

கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மிருதங்கத்தின் தோல் அந்த ஈரத்தைக் குடித்துத் தளரும்; சுருதி இறங்கும். ஏர்கோன் மண்டபத்துக்குள் போனதும் காய்ந்து விறைக்கும், சுருதி ஏறும். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சேர்த்த சுருதி மேடையில் நிற்காதது இதனால்தான். உறையைக் கழற்றி, வாத்தியத்தை மேடையிலேயே அரை மணி நேரமாவது வைத்துவிட்டு, சுருதி சேர்க்கும் கல்லை எடுங்கள்.

நாதம் வரவில்லை என்றால் பலரும் உடனே இறுக்கப் பார்க்கிறார்கள். குறை பெரும்பாலும் இறுக்கத்தில் இல்லை, சமமாக இல்லாததில்தான். நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும் கரணைதான் (தோலின் நடுவில் உள்ள கரும்பூச்சு) மேல்சுரங்களை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக அமைக்கிறது. சி.வி.ராமன் 1920லேயே 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், விளிம்பில் வார் கோத்த 16 கண்ணும் ஒத்துப்போனால்தான் அந்த அமைப்பு பேசும். ஒரு பக்கம் தொய்ந்திருந்தால் ஒரே மீட்டில் இரண்டு சுரம் உரசும். 'நம்' என்ற மீட்டொலி அலையடித்துச் சீக்கிரம் செத்துப்போகும்.

சுருதிப்பெட்டியில் சட்ஜம் ஓடட்டும். மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் லேசாக வைத்து, ஆள்காட்டி விரலால் வெளி வளையத் தோலான மீட்டுத்தட்டில் 'நம்' வாசித்தபடி வாத்தியத்தைச் சுற்றுங்கள். இறங்கிய கண்ணில், விளிம்பைச் சுற்றிய பின்னலின் மேல் மரக்கட்டையை வைத்துக் கல்லால் கீழ்நோக்கித் தட்டினால் ஏறும். ஏறிய கண்ணில், பின்னலின் அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஓங்கி அடிக்காமல் இரண்டு மூன்று சின்னத் தட்டாகத் தட்டுங்கள். ஒரு கண்ணைத் தொட்டால் எதிர்க்கண்ணும் அசையும். 1ஐத் தட்டியதும் 9ஐக் கேளுங்கள். நட் போல்ட் மிருதங்கத்திலும் இதே எதிரெதிர் முறைதான், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. எத்தனை தட்டினாலும் ஒரு கண் மறுபடி இறங்கினால், அங்கே வார் தளர்ந்திருக்கிறது. வார் பிடிக்க, அதாவது வாரை இழுத்துக் கட்ட வேண்டும். அரைக் கட்டை சுருதிக்கு மேல் கல்லால் ஏற்றவே வேண்டாம். கண் கிழியும், கரணை வெடிக்கும். உயர்ந்த சுருதிக்கு 22 அங்குல வாத்தியம்தான் சரி.

இடப்பக்கமான தொப்பிக்கு நைஸ் ரவை. விரலில் ஒட்டும் பதத்தில் பிசைந்து நடுவில் வட்டமாக அப்பி, கீழ் சட்ஜத்துக்குக் கொண்டுவாருங்கள். ரவை கூடக் கூடச் சுருதி இறங்கும். தண்ணீர் அதிகமானால் வழுக்கும், குறைந்தால் உதிரும். ஏர்கோனில் ரவை காய்ந்து எடை குறைவதால் கச்சேரி நடுவில் தொப்பி ஏறிவிடும். ஈர விரலால் தடவிக்கொடுத்தால் போதும். முடிந்ததும் சுரண்டித் துடைத்து, காற்றாட உலரவிட்டு உறையில் போடுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஒட்டிய ரவையோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும்.