ஆச்சியின் பிடி

அசோக் நகர் மெட்ரோவில், எஸ்கலேட்டர் முன்னால் ஆச்சி நின்றுவிட்டாள்.

"ஏல, கைய விட்ராத."

அந்தப் பிடி இருக்கிறதே! மேலே போய் இறங்கியும் விடவில்லை. கண்ணாடி வளையல் அழுந்திய தடம் என் மணிக்கட்டில் பிறை போல இருந்தது.

நேற்று விடிகாலை ஆச்சியும் தாத்தாவும் தாம்பரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கினார்கள். தென்காசியிலிருந்து ஒரு பை நிறைய முறுக்கு, அப்புறம் வாழையிலையில் சுற்றிய மல்லிகை. கபாலீஸ்வரர் கோயில், மெரினா, ரங்கநாதன் தெரு என்று இரண்டு நாளும் ஓடியே போனது. திங்கட்கிழமை இன்டர்னல் தேர்வு. ராத்திரி நான் படிக்க உட்கார்ந்தால், தாத்தாவும் தூங்காமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் பேசவில்லை. விசிறிக்கொண்டே இருந்தார், ஃபேன் ஓடும்போதே.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும்போது சின்ன வயதில் ஆச்சியின் முந்தானையைத்தான் பிடித்துக்கொள்வேன். வழுக்குப் பாறையில் அவள் அவசரப்படுத்தியதே இல்லை. நான் ஒவ்வொரு அடி வைக்கும் வரை நின்றாள்.

இன்று எஸ்கலேட்டர் முன்னால் நானும் நின்றேன். பின்னால் ஆட்கள் முனகினார்கள். முனகட்டும்.

எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டு வந்தாயிற்று. புத்தகம் திறந்தே இருக்கிறது. மணிக்கட்டில் தடம் மங்கிவிட்டது.

தீபாவளி லீவுக்கு இப்போதே டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.