ஜன்னல் சத்தம்: ஒரு மில்லிமீட்டர் சந்தைத் தேடிப் பிடித்த கதை

நேற்று இரவு 11 மணிக்குக் கட்டில் தலைமாட்டில் வைத்த கைபேசிச் செயலி 36 டெசிபல் காட்டியது. போன வருடம் இதே இடம், இதே நேரம், 54. பால்கனியில் அன்றும் இன்றும் 72தான். வடபழனியில் ஆற்காடு சாலையைப் பார்த்த இரண்டாவது மாடி வீடு எங்களுடையது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. சாலை கேட்பதாக இல்லை, சரி, அறையையாவது அதற்குள் கொண்டுவருவோம் என்று இறங்கினேன்.

போன வருடம் பழைய அலுமினிய ஸ்லைடிங்கைக் கழற்றிவிட்டு யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தில் 6-12-6 இரட்டைக் கண்ணாடி (6 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவில் 12 மி.மீ. இடைவெளி) போட்டேன். அதுவும் ஸ்லைடிங்தான். மாட்டியவர், "இனி ஊசி விழுந்தாக் கேக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு 50 காட்டியது. அவ்வளவு பணம் போட்டு 4 டெசிபல்! எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

பல மாதம் கண்ணாடியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடியிலும் குறை உண்டுதான். இரண்டு பக்கமும் ஒரே 6 மி.மீ. தடிமன் என்றால் 2000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கத்துச் சத்தத்தைத் தடுப்பதில் இரண்டுமே சேர்ந்தே பலவீனமாகின்றன, ஹாரன் அந்த வட்டாரத்தில்தான் அலறுகிறது. 12 மி.மீ. இடைவெளியில் அடைபட்ட காற்றோ வில்கம்பி மாதிரி வேலை செய்து 200 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு கண்ணாடியையும் சேர்த்து ஆட்டுகிறது. பஸ் நின்று உறுமும்போது அந்த உறுமல் கொஞ்சமும் குறையாததற்கு அது ஒரு காரணம். ஆனால் பெரிய திருடன் வேறு இடத்தில் இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்கிங் டேப் இரண்டு சுருள் வாங்கி வந்து, ஜன்னலின் எல்லா இணைப்பையும் ஒட்டி மூடினேன். ஒரு கண்ணாடியைக்கூட மாற்றவில்லை. 44! உடனே டேப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவு எடுத்தேன். ஊதுவத்திப் புகையும் காட்டிப் பார்த்தேன். இரண்டு கதவும் நடுவில் ஒன்றையொன்று கவ்வும் இடம்தான் மோசம். அங்கே இருப்பது வெறும் பிரஷ், ரப்பர் இல்லை. 4 அடி உயரத்துக்கு 1 மி.மீ. சந்து என்றால் 12 சதுர செ.மீ. என் 3க்கு 4 அடி ஜன்னலில் அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 30 டெசிபலுக்கு மேல் தடுக்காது. நூற்றில் ஒரு பங்கு என்றால் 20தான். இதை ஷோரூமில் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த ஓட்டை, ஜன்னல் கதவு ஓடும் தண்டவாளத்தில் மழைத்தண்ணீர் வெளியேறும் துளைகள். அவற்றை அடைத்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் அறைக்குள் வரும். அதனால் வெளி ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, உள்பக்கம் இன்னொன்று போடுவது என்று முடிவு செய்தேன். 9 அங்குலச் சுவர், நடுவில் கிரில். கிரிலுக்கு இந்தப் பக்கம், அறைக்குள் திறக்கும் ஒற்றைக் கதவு. இதில் மழை படாது, ஆகவே துளையும் வேண்டாம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 100 மி.மீ. கிடைத்தது, கண்ணாடிகள் சேர்ந்து ஆடும் அந்த ஒத்ததிர்வு 70 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். கண்ணாடி 3+3 லேமினேட்டட், அதாவது 3 மி.மீ. கண்ணாடி இரண்டை நடுவில் ஒரு படலம் வைத்து ஒட்டியது. பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி வாங்கினேன். ஓரத்துக்குப் புளித்த வாடை வரும் சிலிக்கானைப் போட்டுவிடாதீர்கள், நடுவில் உள்ள படலத்தை அது அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள்.

இனிதான் என்னை மூன்று வாரம் படுத்திய வேலை. ஜன்னல் திறப்பின் மூலைவிட்டம் இரண்டும் 8 மி.மீ. வித்தியாசம். சட்டத்தை ஆப்பு வைத்து நேராக்கிவிட்டோம், ஆனால் ரப்பர் நான்கு பக்கமும் ஒரே மாதிரி அமுங்கவில்லை. பேப்பர்த் துண்டை வைத்துக் கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பேன். 16 இடத்தில் குறி போட்டு வைத்திருந்தேன். கீல் பக்கம் கீழ் மூலையில் பேப்பர் வழுக்கிக்கொண்டு வரும். பூட்டுக் குமிழ்களை ஆலன் சாவியால் கால் சுற்று திருப்பினால் அங்கே இறுகும், எதிர் மூலை தளரும். கண்ணாடி மட்டுமே 15 கிலோ, கதவு 2 மி.மீ. தொங்கியிருந்தது. கடைசியில் மூன்றாவது கீல் ஒன்று மேலே போட்டு, கதவை மணைக்கட்டையில் தூக்கி நிறுத்தி, மறுபடி குமிழ்களைத் திருப்பினேன். 16 இடத்திலும் பேப்பர் பிடித்தது. அன்று இரவு 39.

மீதி 3 டெசிபல் ஏசி குழாய் போகும் சுவர்த் துளையில் கிடைத்தது. உள்ளே வெறும் பஞ்சு! கலவை வைத்து அடைத்து, ஓரத்துக்கு எம்-சீல் அப்பினேன்.

இரண்டு ஜன்னலுக்கும் நடு இடைவெளியின் பக்கவாட்டில், சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் (கல் நார்) பட்டையைக் கறுப்புத் துணி சுற்றி ஒட்ட வேண்டும். வாங்கி வைத்தாயிற்று, இன்னும் ஒட்டவில்லை. அதற்குள் ஹால் ஜன்னலுக்கு அளவெடுத்துவிட்டேன். 6 அடி அகலம், ஒற்றைக் கதவு தாங்காது, ஒரு பாதியைத் திறக்காத கண்ணாடியாக்கலாமா என்று யோசனை.

அறை இப்போது நன்றாக அடைபட்டிருப்பதால் விடியற்காலையில் புழுக்கம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. பரண் மேலே, உள்ளே பஞ்சு ஒட்டி இரண்டு வளைவு வைத்த மரப்பெட்டி வழியாகக் காற்று இழுக்கலாம் என்று ஆசாரியிடம் படம் வரைந்து கொடுத்திருக்கிறேன். அதுவரை அம்மா சொன்னபடி ஹால் பக்கக் கதவைத் திறந்துவைத்துத் தூங்குகிறோம், 41 காட்டுகிறது.