கலர்தான் கொஞ்சம் மங்கல்

"அந்தச் சுருள் நல்லா வந்திருக்கு மகள், கலர்தான் கொஞ்சம் மங்கல்." இவ்வளவுதான் சொன்னேன். முதலில் பாராட்டு, அப்புறம் திருத்தம். டிசைன் வகுப்பில் பதினொரு வருடமாக இப்படித்தான் சொல்லி வருகிறேன்.

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "சுருள் நான் செய்யல்ல சேர். அபோபிசிஸைத் திறந்ததும் வந்த லிஸ்ட்ல இருந்தது. கலர் மட்டும்தான் நான் போட்டது."

ஃபிராக்டல் படம் செய்யும் அந்த மென்பொருள் அப்படித்தான். திறந்தாலே எழுந்தமானமாகச் சில வடிவங்களை உருவாக்கி அடுக்கிவிடும். ஃபிராக்டல் என்றால் ஒரே வடிவம் தனக்குள்ளேயே சிறிதாகத் திரும்பத் திரும்ப வரும்படி கணக்கால் உருவாகும் படம். அதில் கணக்கின் பங்கு எவ்வளவு, பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று படத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. இது எனக்குத் தெரியாததா? மெஷின் செய்ததைப் பாராட்டி, அவள் செய்ததைத் திருத்தியிருக்கிறேன்.

சாம்பல் பச்சை, சேற்று மண்ணிறம், ஓரத்தில் மெல்லிய செம்மஞ்சள். ஒரு நிறம் இன்னொன்றாக மாறும் கிரேடியண்ட் பட்டையை இழுத்து இழுத்து மூன்று பின்னேரம் இருந்தாளாம். மங்கல் என்று நான் சொன்னதால் ஊதாவும் நீலமுமாக மாற்றி வந்தபோது வகுப்பே கைதட்டியது. படமும் எல்லா ஃபிராக்டலையும் போல இருந்தது.

ஒன்று மட்டும் சரியாகச் சொன்னேன். இருட்டான இடமெல்லாம் மணல் தூவினதுபோல் இருந்தது. அபோபிசிஸ் செய்யும் ஃபிளேம் வகைப் படம் கோடிக்கணக்கான புள்ளிகள் விழுந்துதான் உருவாகும். புள்ளி போதாவிட்டால் இந்த மணல்தான் தெரியும். புள்ளிகளைக் கூட்டும் ரெண்டர் குவாலிட்டி அளவை 50 இலிருந்து 1000 ஆக்கச் சொன்னேன். இரவு முழுக்க ஓடவிட்டாள், மணல் போய்விட்டது. இதற்காக யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சரி, குறை சொன்னது யார்?

அடுத்து வந்த தம்பியிடம், "இதில எது நீ செய்தது?" என்று முதலிலேயே கேட்டுப் பார்த்தேன். "நான் களவெடுக்கல்ல சேர்" என்றான், முகம் கறுத்துப்போய். அந்தக் கேள்வியையும் விட்டுவிட்டேன்.

மார்கழியில் ஒருநாள் மழை விட்ட நேரம் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தால் வந்தேன். வாவி கலங்கிப்போய்க் கிடந்தது. சாம்பல் பச்சை, கரையோரம் சேறு, மேற்கே மேகத்துக்குக் கீழே ஒரு கீற்று வெளிச்சம். மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டேன். அவள் இதைப் பார்த்துத்தான் போட்டாளோ, சும்மா அமைந்ததோ.

மறுநாள் வகுப்பில், "அந்த முதல் படம் இருக்கா மகள்?" என்று கேட்டேன்.

"இல்ல சேர், அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டன். இது புதுசு, பாருங்க" என்று திரையைத் திருப்பினாள். ஊதாவும் நீலமும்.

நல்லா வந்திருக்கு என்றேன்.